தங்கை என்ற வரிக்குக் கீழே

ஐப்பசி 9, ஞாயிறு

காலையில் மூடாப்பு. மதியத்துக்கு மேல் தூறல், வாளையார்ப் பக்கமிருந்து காற்று. கௌதம் கல்யாணப் பத்திரிகை எழுத நடுவீட்டில் உட்கார்ந்தவர்கள்: வீட்டுக்காரர் (இனி வீ.கா.), கொழுந்தனார், அவர் சம்சாரம் என் ஓரகத்தி, அவர்கள் மகள் சிந்து, சிந்துவின் கைக்குழந்தை, நான். மாப்பிள்ளைப் பையன் கௌதம் பெங்களூரிலிருந்து போனில். போனைச் சொம்பில் சாய்த்து வைத்தோம். வேறு யாரும் இல்லை.

மஞ்சள் பிள்ளையார் பிடித்து, வெற்றிலை பாக்கு வைத்து ஆரம்பம். பத்திரிகை மூன்று பாஷையில். தமிழ் சொந்தத்துக்கு. இருப்பது கேரள எல்லைக்குள் என்பதால் மலையாளம் பஞ்சாயத்து ஆட்களுக்கு, பால் சொசைட்டிக்கு. இங்கிலீஷ் கௌதம் ஆபீசுக்கும், பொள்ளாச்சிப் பெண் வீட்டார் ஆசைக்கும். இங்கிலீஷ் தாளை வழக்கம்போல என் பக்கம் தள்ளினார்கள். எட்டாவதோடு நின்றவள்தான். பிள்ளைகளின் இலக்கணப் புத்தகங்களை அவர்கள் பள்ளிக்கூடம் போன பிறகு எடுத்துப் படித்தேன், அவ்வளவே.

தாளை எழுதியவர் கொழுந்தனார். எங்கெல்லாம் எஸ் வருகிறதோ அங்கெல்லாம் தலைக்கு மேல் ஒரு கமா. பேரண்ட்ஸ், அங்கிள்ஸ், ஆன்ட்டீஸ், பிரதர்ஸ், யுவர்ஸ். கல்யாணம் மட்டும்தான் தப்பித்தது, அதில் எஸ் இல்லை.

"இந்த மேல்கமா எல்லாம் வேண்டாமுங்க" என்றேன்.

"அண்ணி, அது இல்லீன்னா இங்கிலீசு மாதிரியே இருக்காதுங்க. கரை இல்லாத வேட்டியாட்டம் இருக்கும்."

"அது கரை இல்லீங்க. இன்னது இன்னாருதுன்னு சொல்றதுக்குத்தான் அது. நெறைய மாமா இருக்கறாங்கன்னா வெறும் எஸ் போதும்."

"அப்ப எங்க மாமனுக யாருக்கும் சொந்தமில்லையா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். குழந்தைகூட.

ஒவ்வொன்றாக அடித்தேன். ஓரகத்தி என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே, "அக்கா கமா எடுக்கறதப் பாத்தா பேன் எடுக்கற மாதிரியே இருக்குதுங்க" என்றாள். மறுபடி சிரிப்பு. சொம்பிலிருந்து கௌதம், "விடுங்க சித்தப்பா, அம்மா சொன்னா அதுதான் ஃபைனல்." கொழுந்தனார் கையை உயர்த்திவிட்டார். வீ.கா.வுக்குப் பெருமை. முகத்தில் தெரிந்தது. முப்பத்தியொரு வருடத்தில் நான் சொன்னதுதான் முடிவு என்று இந்த வீட்டில் ஒப்புக்கொண்ட விஷயம் இது ஒன்றுதான்.

ஒரு இடத்தில் எனக்கே சந்தேகம். பெண்ணின் அப்பா பெயர் மோகன்தாஸ், எஸ்ஸில் முடிகிறது. அவருடைய மகள் என்று எழுத இன்னொரு எஸ் வேண்டுமா, கமா மட்டும் போதுமா. போனில் தேடினேன். இரண்டும் சரி என்கிறது. இரண்டும் சரி என்றால் எனக்கு ஆகாது. வரியையே மாற்றி, 'ஆஃப்' போட்டுவிட்டேன்.

பிறகு வீ.கா. தமிழ்த் தாளை உரக்க வாசித்தார். குலதெய்வம், தாத்தா பாட்டி பெயர்கள், எங்கள் பெயர், தாய்மாமன். கடைசியில்: தங்கை – சிந்து. அடுத்தது நல்வரவு.

திவ்யா இல்லை. என் வயிற்றில் பிறந்தவள், கௌதமின் கூடப்பிறந்தவள், இல்லை. நாலு வருடமாக வீ.கா. அவள் பெயரை எடுப்பதில்லை. வேறு சாதிப் பையன், எஸ்டேட்டுக் குடும்பம், குமுளியில் பதிவுக் கல்யாணம். அது தெரிந்ததே. ஆனால் பத்திரிகையில்கூட இருக்காது என்று நான் ஏனோ நினைக்கவில்லை.

"ஏனுங்க, இந்தத் தங்கை..." என்றேன்.

"நீ இங்கிலீசப் பாரு அம்மிணி."

கொழுந்தனார் தூறலைப் பார்த்தார். ஓரகத்தி தட்டில் இல்லாத பாக்கைத் தேடினாள். சிந்து குழந்தைக்கு ஏதோ சொல்லிக்கொண்டு எழுந்து போனாள். சொம்பு பேசவே இல்லை.

இங்கிலீஷ் தாளின் அடியில் எனக்குத் தப்பிய ஒன்று, 'சிஸ்டர்ஸ்' என்று போட்டு, கமாவும் போட்டிருந்தது. கீழே ஒரு பெயர்தான். கமாவை எடுத்தேன். எஸ்ஸையும் எடுத்தேன். என் கையால்தான்.

போகும்போது ஓரகத்தி அடுப்படி வரை வந்து மெதுவாக: "இணைச்சீருக்கும் சிந்துவையே நிறுத்தறதா மாமா சொன்னாருங்கக்கா. நாங்களா கேக்கலை. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க." மாமா என்றது வீ.கா.வை. முறுக்கு டப்பாவை நீட்டினேன். வேறு என்ன செய்வது.

ஐப்பசி 10, திங்கள்

வெயில். நெல் காயப்போட்டாயிற்று. கூலி, கயிறு, தீவனம் கணக்கு எல்லாம் பச்சை நோட்டில். அதில் ஏறாததுதான் இங்கே.

இணைச்சீர். நேற்றிலிருந்து மண்டையில் அதுதான். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கும் கூடப்பிறந்தவளுக்கும் செய்யும் சீர். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில், ஒரு முனை அவள் கையில். சபை முழுக்கப் பார்க்கும். நீ போய் இன்னொருத்தியோடு வாழ்ந்தாலும் நான் உன் கூடப்பிறந்தவள்தான் என்று அவளும், ஆமாம் என்று அவனும். வாயால் யாரும் இதைச் சொல்வதில்லை, சேலைதான் சொல்லும். கூடப்பிறந்தவள் இல்லாதவனுக்கு சித்தப்பன் மகளோ பெரியப்பன் மகளோ நிற்கலாம். இல்லாதவனுக்கு.

என் மகனுக்கு இருக்கிறாள். குமுளியில் ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்து விலை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கௌதமுக்கு போனில் எழுதினேன்: திவ்யா பெயர் பத்திரிகையில் இல்லை. இணைச்சீருக்கு சிந்து என்கிறார்கள். உனக்குத் தெரியுமா?

சாயங்காலம்தான் பதில். 'பாத்துக்கலாம் மா, டோன்ட் வொரி.' இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். டோன்ட்டில் மேல்கமா இல்லை. வொரியில் ஓ இல்லை. உயிரெழுத்தெல்லாம் உதிர்ந்து கிடந்தது. படிக்கும்போது வாயில் கல் மாட்டியதுபோல.

ஒரு காலத்தில் அவனுக்கு இதற்காகவே அடி விழுந்திருக்கிறது. ஒரு எழுத்தை விட்டால் அந்த இடத்தில் கமா போடு, அங்கே ஒன்று இருந்தது என்று தெரியட்டும் என்பேன். இப்போது விட்டதும் தெரியாது, இருந்ததும் தெரியாது. அவன் மட்டுமில்லை. காஸ் ஏஜென்சிக்காரன் செய்தியிலும் அப்படித்தான். யூ என்றால் ஒரே எழுத்து, ஆர் என்றால் ஒரே எழுத்து. கோயில் கமிட்டி வாட்ஸப்பில் 'குட்மார்னிங்' மூன்றெழுத்தாகிவிட்டது. வேண்டாத இடத்தில் பூவும் விளக்கும் மட்டும் பத்து.

திவ்யா இப்போதும் முழுசாக எழுதுகிறாள். கமா, புள்ளி, பெரிய எழுத்து எல்லாம். சில நாள் அதைப் பார்த்தால் அழுகை வருகிறது. யாருக்காக அப்படி எழுதுகிறாள்.

ஐப்பசி 12, புதன்

கொழிஞ்சாம்பாறை பிரஸ்ஸுக்குப் போனேன். புரூஃப் பார்க்க. வீ.கா. தேங்காய் லாரி வருகிறது என்று நின்றுவிட்டார். பஸ்சில் ஜன்னலோரம்.

வழியெல்லாம் போர்டு. டயர்ஸ், டெய்லர்ஸ், சப்பல்ஸ், எல்லாவற்றுக்கும் மேல்கமா. கோழிக்கடை ஒன்றில் கமா இடத்தில் சின்ன மிளகாய் வரைந்திருக்கிறான். அது நன்றாகவே இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே புதுசாக ஒரு ஆஸ்பத்திரி, பெரிய எழுத்து, வேண்டிய இடத்திலும் கமா இல்லை. ஏழைகள் எல்லா இடத்திலும் போடுகிறார்கள், பணக்காரர்கள் எங்கேயும் போடுவதில்லை.

பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் அடிக்கும் பெண், மலையாளி, நல்ல சுறுசுறுப்பு. நம்மிடம் தமிழில்தான் பேசுகிறாள், அவளுக்குத் தெரிந்த தமிழ்.

"சேச்சி, இத்தனை கமா நீங்க எடுத்ததா? ஞான் பாத்தேன். எல்லாரும் ஏத்தச் சொல்லும், நீங்க இறக்கச் சொல்லுது."

"தப்பா இருந்தா எடுக்கத்தானே வேணும் கண்ணு."

"இப்ப அதொண்ணும் ஆரும் நோக்காது சேச்சி. கல்யாணத்துக்கு வந்து பிரியாணிதான் நோக்கும்."

"எங்களுது சைவம்."

"ஐயோ, அப்ப கமா நோக்கும்" என்றாள். சிரித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் இப்போதுதான்.

அந்த நேரம் பெண் வீட்டிலிருந்து போன். ஜோசியர் எண் பார்த்தாராம். பிரியா பெயரில் கடைசியில் இன்னொரு ஏ சேர்க்கவேண்டும், கௌதம் பெயரில் ஏ யூ எடுத்து ஓ டபிள்யூ போடவேண்டும். வீ.கா.வைக் கூப்பிட்டேன். "போட்டுரு, போட்டுரு. அவங்க சொன்னா செஞ்சுரோணும்." கொழுந்தனாரும் லைனில் வந்து, "அண்ணி, அச்சு செலவு எச்சானாலும் பரவாயில்லீங்க." அரை நிமிடத்தில் முடிந்தது. முப்பது வருடமாக நான் எழுதிவந்த என் மகன் பெயரின் எழுத்தை முன்பின் தெரியாத ஒரு ஜோசியர் மாற்றினார். ஒருவரும் முனகவில்லை. அந்த ஒரு ஏ உள்ளே வர, பெண் பெயர் வரியைக் கொஞ்சம் சுருக்கி, கீழே இருந்ததையெல்லாம் மேலே ஏற்றினாள் அந்தப் பெண்.

ஏற்றினதும் கீழே இடம் விழுந்தது. தங்கை வரியில் சிந்து, அதற்குக் கீழே வெள்ளையாக ஒரு வரி.

"சேச்சி, இவிடெ ஒரு லைன் காலி. ஆராச்சும் பேர் சேர்க்கணுமா? விட்டுப்போச்சா?"

திரும்பிப் பார்த்தேன். கடையில் என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை. வீ.கா. இல்லை. கொழுந்தனார் இல்லை. அவள் விரல் தயாராகக் கட்டையின்மேல் நிற்கிறது. நான் மூன்று எழுத்து சொன்னால் போதும். அச்சாகி வந்தபின் யார் கிழித்துப்போடுவார்கள்? சண்டை வரும். ஒரு வாரம் வரும். பத்திரிகை இருக்கும்.

"இல்லை கண்ணு. அவ்வளவுதான்" என்றேன்.

அவள் அங்கே ஒரு சின்னப் பூ வைத்தாள். ஓகே கையெழுத்துப் போட்டேன்.

பஸ்சில் திரும்பும்போது மழை. ஜன்னல் மூடவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள், "நனையறீங்க, மூடுங்க" என்றாள். மூடினேன். அதைக்கூட ஒருத்தர் சொன்னபின்தான் செய்தேன்.

ஐப்பசி 13, வியாழன்

மதியம் திவ்யா கூப்பிட்டாள். வீ.கா. தோட்டத்தில் இருக்கும் நேரம். அவருக்குத் தெரியும், தெரியாத மாதிரி அந்த நேரத்துக்கே போவார்.

குமுளியில் நல்ல கூட்டமாம், ஐயப்பன் சீசனுக்கு முன்பே. மாப்பிள்ளை செல்வம் கடைக்குப் புதுப் போர்டு வைத்திருக்கிறார். படம் அனுப்பியிருந்தாள். 'ஸ்பைசஸ்' கமாவோடு, 'டீஸ்' கமாவோடு, 'ஆயில்ஸ்' கமாவோடு.

"என்ன திவ்யா இது? நீ பாக்கலையா?"

"நான் ஊட்ல இருந்தம்மா, இவரு அதுக்குள்ள எழுதி மாட்டீட்டாரு. எடுங்கன்னு சொன்னா எடுக்க மாட்டேங்கறாரு. இருங்க, அவரே சொல்லுவாரு."

செல்வம் போனை வாங்கினார். "அத்தே, நல்லாருக்கீகளா? போர்டைப் பத்தி ஒம்ம மக போட்டுக் குடுத்துட்டாளா? கேளுங்க. வெள்ளக்காரன் வாரான், போர்டைப் போட்டோ எடுக்கான், சிரிக்கான். சிரிச்சிட்டு உள்ள வந்து ஏலக்கா வாங்குதான். எதிர்க்கடையில எல்லாம் கரெக்டா எழுதிப் போட்டுருக்கான், ஈ ஓட்டுதான். கமா இருந்துட்டுப் போவட்டும் அத்தே."

"அப்ப இன்னும் ரெண்டு போடுங்க" என்றேன். சிரித்தார். நல்ல பையன். இதை எங்கே எழுதினால் யார் ஒப்புக்கொள்வார்கள்.

மறுபடி திவ்யா. கொஞ்ச நேரம் மழையைப் பற்றி. மிளகு விலை. அவள் இடுப்பு வலி. பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோல: "கூறைச்சேலை எடுத்தாச்சாம்மா?"

"இல்லை."

"சிந்து போன் பண்ணுனா. அவளுக்கும் சேலை எடுக்கக் கூப்பிட்டிருக்காங்கன்னு. அழுதுட்டா பாவம். நான் நிக்கலைங்கறேன், அப்பா கேக்க மாட்டேங்கறாருன்னா. நீ எதுக்குடி அழறேன்னு நான்தான் சமாதானம் சொன்னேன்."

அவளே தொடர்ந்தாள். "பத்திரிகையில இல்லாட்டிப் போச்சாது. அது காயிதம். ஆனா அந்தச் சேலைமுனையை இன்னொருத்தி புடிச்சா, எனக்கு அண்ணன் இல்லைன்னு ஊரே பாத்த மாதிரிம்மா. அவன் என்ன சொல்றான்?"

"பாத்துக்கலாங்கறான்."

"எங்கிட்டயும் அதேதான்" என்றாள்.

போனை வைக்குமுன் செல்வம் குரல் தள்ளி நின்று கேட்டது: "அத்தேகிட்டச் சொல்லு. நான் மண்டபத்துக்கு வெளியவே நின்னுக்கிடுதேன். சாப்பாடுகூட வேண்டாம். ஒன்னை மட்டும் உள்ள விடச் சொல்லு." அவள், "சும்மாருங்க" என்று அதட்டியதும் கேட்டது.

பாத்திரம் கழுவப் போனேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவியிருக்கிறேன்.

ஐப்பசி 14, வெள்ளி

மாரியம்மன் கோயில் விளக்கு. நெய், எலுமிச்சை, அரளிப்பூ. அம்மனிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிரஸ்ஸில் அந்தப் பெண் கேட்டபோது நான் என்ன சொன்னேன் என்று அம்மனுக்குத் தெரியும். என்னத்தைக் கேட்பது.

ஐப்பசி 15, சனி

பத்திரிகைக் கட்டு வந்தது. மஞ்சள் தடவி முதல் பத்திரிகை சாமிக்கு. மூன்று பாஷையும் பளிச்சென்று இருக்கிறது. அந்தப் பூவும்.

சாயங்காலம் அருமைக்காரர் வந்தார். எங்கள் பக்கத்துக் கல்யாணச் சீர்களையெல்லாம் நடத்தி வைப்பவர். வயசாளி, ஆனால் நடை எங்களைவிட வேகம். காபி வேண்டாம், மோர் போதும் என்றார். சீர்களை விரல்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்து, இணைச்சீரில் நின்றார்.

"இணைச்சீருக்கு ஆரு?"

"தம்பி புள்ளை சிந்துங்க" என்றார் வீ.கா.

"உம்மட புள்ளை ஒண்ணு இருந்துதல்ல?"

கொழுந்தனார்தான், "அது வந்துங்கய்யா, வேற எடத்துல குடுத்தமாதிரி ஆயிப்போச்சுங்க" என்றார். கொடுத்தமாதிரி. அப்படி ஒரு வார்த்தையை அவர் எங்கிருந்து எடுத்தார்.

"செத்துக்கித்துப் போச்சா?"

"ஐயோ, இல்லீங்க!" என் வாய். நடுவீட்டில் ஆண்கள் பேசும்போது நான் உள்ளே நிற்பதுதான் வழக்கம். நிலைப்படி தாண்டி வந்துவிட்டேன்.

அருமைக்காரர் என்னைப் பார்த்தார், வீ.கா.வைப் பார்த்தார். மோரைக் குடித்து முடித்தார். "நம்ம வழக்கம் ஒண்ணு இருக்குதுங்க. கூடப்பொறந்தவ இல்லாதவனுக்கு ஆரு வேணும்னாலும் நிக்கலாம், நான் கேள்வி கேக்க மாட்டேன். இருக்கறப்ப மாத்தறதுன்னா, மாப்பிள்ளை வாயால எனக்குச் சொல்லோணும். எங்கையன் காலத்துல இருந்து அப்படித்தான். அப்பன் சொல்லியோ சித்தப்பன் சொல்லியோ நான் சேலையக் குடுக்க மாட்டேன். நாளைக்கு அவங்க ரெண்டு பேரும் மூஞ்சி பாத்துக்கறப்ப என்ற பேரு வரக்கூடாது பாருங்க. வர்ற வெள்ளிக்கிழமை வாரேன். பையனைப் போன்ல கூப்புடுங்க. அவன் ஒரு பேரைச் சொல்லட்டும். எந்தப் பேரா இருந்தாலும் சரி."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கொழுந்தனார் முனகினார்: "இந்தக் காலத்துல இதெல்லாம் ஆரு பாக்கறா." அவர்தான் கமா இல்லாவிட்டால் இங்கிலீசு ஆகாது என்றவர்.

எல்லாரும் போனபிறகு வீ.கா.விடம் கேட்டுவிட்டேன். நாலு வருடத்தில் முதல்முறை நேராக. "ஏனுங்க, கௌதம் திவ்யா பேரைச் சொன்னான்னா என்ன பண்ணுவீங்க?"

செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அவன் கண்ணாலம். அவன் சொன்னா நான் தடுக்க மாட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "நானாச் சொல்ல மாட்டேன். எனக்கு வாய் வராது."

பம்ப்செட் பார்க்கப் போய்விட்டார். கரண்டே இல்லை அப்போது.

ஐப்பசி 16, ஞாயிறு

கௌதம் கூப்பிட்டான். வெயில் சுள்ளென்று, கொப்பரை காய நல்ல நாள்.

முதல் பேச்சு: "அம்மா, இங்கிலீஷ் கார்டு சூப்பர்மா! போட்டோவை ஆபீஸ் குரூப்ல போட்டேன், எல்லாரும் சொன்னாங்க. ஒரு மிஸ்டேக் இல்ல. என் டீம் லீட் கேக்கறாரு, உங்கம்மா டீச்சரான்னு."

ஒரு மிஸ்டேக் இல்லையாம்.

அருமைக்காரர் சொன்னதைச் சொன்னேன். அப்பா சொன்னதையும் சொன்னேன். "யாரும் தடுக்கலை சாமி. நீ ஒரு பேரு சொன்னாப் போதும்."

"அம்மா, எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்மா. திவ்யா வந்தா சந்தோசம்தான். ஆனா பிரியா ஊட்ல என்ன நெனப்பாங்க? மேடையில வெச்சு யாராச்சும் கேட்டா? நீங்களே பேசி முடிவு பண்ணிச் சொல்லீருங்கம்மா. நான் சரின்னு சொல்லிக்கறேன்."

"நாங்க சொல்லி நீ சரிங்கறதில்லை. உன்ற வாயால கேக்கறாரு."

"அதெல்லாம் ஃபார்மாலிட்டிமா. இப்ப யாரும் அதெல்லாம் பாக்கறதில்ல."

பிரஸ் பெண் சொன்னாள், கொழுந்தனார் சொன்னார், இவனும் சொல்கிறான். யாரும் பார்ப்பதில்லையாம். பார்க்காதவர்கள் எதற்கு ஒரு ஏ சேர்த்தால் நல்லது நடக்கும் என்று அச்சை நிறுத்துகிறார்கள்? பெண் வீட்டார் சொன்னால் எழுத்தும் மாறும். தங்கை கேட்டால் மட்டும் ஃபார்மாலிட்டி.

"திவ்யா உங்கிட்டக் கேட்டாளா?" என்றேன்.

"...மெசேஜ் போட்டிருந்தா."

"என்ன எழுதுன?"

"ஹார்ட் போட்டேன்."

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். "அம்மா? இருக்கீங்களா? ஞாயித்துக்கிழமையும் மீட்டிங்மா, அப்பறம் பண்றேன்" என்று வைத்துவிட்டான்.

எனக்குக் கோபம் கொழுந்தனார்மேல் இல்லை. அவர் தன் மகளை முன்னால் நிறுத்தவில்லை, காலியாக இருந்த இடத்தில்தான் நிறுத்தினார். வீ.கா.மேல்கூட அவ்வளவு இல்லை. அவர் ஒரு கதவைச் சாத்தினார், சாத்தினேன் என்று நாலு வருடமாக அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். இவன் எதையும் சாத்துவதும் இல்லை திறப்பதும் இல்லை. எல்லாருக்கும் நல்ல பிள்ளை. அப்படி ஒருவனை வளர்த்தவள், அன்றைக்குப் பிரஸ்ஸில் 'அவ்வளவுதான்' என்றவள்தானே.

கொப்பரையைத் திருப்பிப்போட்டேன். காக்காய் இரண்டை எடுத்துப்போனது.

ஐப்பசி 17, திங்கள்

சேலை எடுக்கக் கோயமுத்தூர் போகவேண்டும் என்று ஓரகத்தி ஆள் அனுப்பினாள். இடுப்பு வலி என்று சொல்லி அனுப்பினேன். அது திவ்யாவின் வலி, என்னுடையது இல்லை.

பலசரக்கு லிஸ்ட் போட்டேன். துவரம்பருப்பு, வெல்லம், சேமியா, முந்திரி, கற்பூரம், வாழைநார். பந்தல்காரனிடம் பேசியாகிவிட்டது. சமையல்காரர் சர்க்கரைப் பொங்கலுக்குப் பச்சைக் கற்பூரம் தனியாக வேண்டும் என்றார்.

சிந்து சாயங்காலம் வந்தாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. குழந்தையின் கால்கொலுசைத் திருகிக்கொண்டே இருந்தாள். "பெரியம்மா, நான் வேண்டாம்னா எங்கப்பா என்னைத் திட்டுவாரு. நின்னா திவ்யாக்கா மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?"

"உன்மேல யாருக்கும் கோவமில்லை கண்ணு."

"எனக்கே என்மேல கோவமா இருக்குதுங்க பெரியம்மா. கௌதமண்ணன் ஒரு வார்த்தை சொன்னா நான் அந்தாண்ட நின்னுக்குவேன். அண்ணன் ஏன் சொல்ல மாட்டேங்குது?"

இந்த வீட்டில் இதை வாய்விட்டுக் கேட்டது இவள் ஒருத்திதான்.

ஐப்பசி 18, செவ்வாய்

விடிய மழை, பிறகு வெளிச்சம். முருகனுக்குச் செவ்வரளி. விரதம், மதியம் பழம் மட்டும்.

காலையில் வீ.கா. பல் விளக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "பையன்கிட்டப் பேசினயா?" அவ்வளவுதான். பதிலுக்கு நிற்கவில்லை. ஆனால் கேட்டார்.

இன்னொருமுறை போனில் பேசினால் மீட்டிங் வரும். எழுதினேன். தமிழில், தமிழ் எழுத்திலேயே. மூன்றுமுறை அடித்து மூன்றுமுறை அழித்தேன். முதலில் நிறையத் திட்டியிருந்தேன். இரண்டாவதில் நிறைய அழுதிருந்தேன். அனுப்பியது இது. மறந்துபோகாமலிருக்க இங்கே காப்பி:

கௌதம், வெள்ளிக்கிழமை காலை அருமைக்காரர் நம் வீட்டுக்கு வருகிறார். உன்னைப் போனில் கூப்பிட்டு இணைச்சீருக்கு யார் என்று கேட்பார். அப்பா சொல்ல மாட்டார். சித்தப்பா சொன்னால் செல்லாது. பிரஸ்ஸில் என்னைக் கேட்டபோது நான் உன் தங்கை பெயரைச் சொல்லவில்லை, அது என் தப்பு. அந்தத் தப்பை நீ செய்யாதே. நீ சிந்து என்று சொன்னால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், சேலையை நானே மடித்துக் கொடுப்பேன். திவ்யா என்று சொன்னால் அன்றைக்கே குமுளிக்கு பஸ் ஏறி இரண்டு பேரையும் நானே அழைத்து வருவேன், செல்வம் மாப்பிள்ளை மண்டபத்துக்குள்தான் சாப்பிடுவார். பிரியா வீட்டில் கேட்டால் நான் பதில் சொல்கிறேன். ஹார்ட் போடாதே. பாத்துக்கலாம் என்று எழுதாதே. இரண்டில் ஒரு பெயரை எழுதி அனுப்பு. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எனக்குத் தெரியவேண்டும். சீக்கிரம் பதில் போடு சாமி.